நல்லா இருந்த நாள்களைச் சொல்லுங்கள்

"மனசு வெச்சான்னா பத்தாள் வேலைய ஒத்தையா செய்வான்." என் தம்பியைப் பற்றி இப்படிச் சொல்லாதவர்கள், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் குறைவு. ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள் சொல்வார்கள். கோயில் கமிட்டியில் சொல்வார்கள். அம்மாவோடு ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்கள் இன்றும் சொல்கிறார்கள். பாராட்டாகத் தொடங்கும் இந்தப் பேச்சு எப்போதும் ஒரு குறையில்தான் போய் நிற்கும்: "ஆனா மனசு வெக்க மாட்டேங்கிறானே." போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதை மறுபடியும் கேட்டேன். சொன்னவர் எங்கள் மாமா ஒருவர். தம்பிக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று எல்லாம் தெரிந்தவர். இலை போட்ட இடத்தில் வாக்குவாதம் செய்ய முடியாது, விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் தம்பிக்கு இருப்பது, மனம் சில காலம் மேலே எகிறி, சில காலம் சோர்ந்து விழும் பைபோலார் நோயின் இரண்டாம் வகை என்பதை ஈப்போவில் ஒரு மருத்துவர் பிடித்ததே, அம்மா வாயிலிருந்து கிட்டத்தட்ட இதே வார்த்தைகள் வந்தபோதுதான். ஊர் எதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறதோ அதிலேயே நோயின் பாதி இருக்கிறது என்பதை எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தம்பி முழுதும் படித்துவிட்டு "போடுக்கா" என்று சொன்ன பிறகே இதைப் பதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மனநோய் என்றதும் வாயில் வரும் ஊர்ப்பெயர் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த அந்த மருத்துவமனைக்கு இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். அங்கே சிகிச்சை எடுத்துக்கொண்டு குடும்பத்துக்கும் வேலைக்கும் திரும்பியவர்கள் ஏராளம். ஆனாலும் பேராக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒரு வசவு. "பேசாம தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடு" என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டுப் பழகிவிடுகிறோம். அதனால் மனநோய் என்றால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும், தனியே பேச வேண்டும், ஆளை அடிக்க வேண்டும் என்று ஓர் உருவம் மனத்தில் பதிந்துபோகிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, கோயிலில் முன்னால் நின்று, கலகலவென்று பேசும் ஒருவனுக்கு அந்தப் பெயரைப் பொருத்திப் பார்க்கவே யாருக்கும் வராது.

பைபோலாரின் முதல் வகையில் ஏற்றம் 'மேனியா' என்ற அளவுக்குப் போகும். குறைந்தது 7 நாள் நீடிக்கும், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரும். சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், தான் ஓர் அவதாரம் என்ற நம்பிக்கை வந்துவிடும். வேலை, குடும்பம் எல்லாம் குலைந்துபோகும். இரண்டாம் வகையில் வரும் ஏற்றத்துக்கு 'ஹைப்போமேனியா' என்று பெயர். குறைந்தது 4 நாள், நாளின் பெரும்பகுதியும் ஆள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகவோ எரிச்சலாகவோ இருப்பார், கூடவே உடம்பில் ஓட்டமும் கூடியிருக்கும். தூக்கத் தேவை குறைவது, பேச்சு கூடுவது, யோசனைகள் ஒன்றை ஒன்று முந்துவது, கவனம் சிதறுவது, தன்னைப் பற்றிய எண்ணம் பெரிதாவது, புதுப்புதுக் காரியங்களில் இறங்குவது, பணத்தைத் தாராளமாக விடுவது என்ற பட்டியலில் குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும். எரிச்சல் மட்டும்தான் என்றால் நான்கு. மாற்றம் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் வாழ்க்கையைக் குலைத்துப்போடும் அளவுக்குப் போகக் கூடாது. போனால் அது மேனியா, வகையும் மாறிவிடும். இதோடு, வாழ்நாளில் ஒரு முறையாவது 2 வாரத்துக்குக் குறையாத கடும் மனச்சோர்வு வந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இரண்டாம் வகை.

தம்பியின் மனச்சோர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாரிச் சாவி சாமி மேடையிலேயே கிடக்கும். குளிக்க மாட்டான். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான், கை வாய்க்குப் போகாது. கைப்பேசி அடித்து அடித்து ஓயும். முதல் வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்துச் சமாளிப்பான், அப்புறம் எம்.சி. வாங்கப் போவதற்கே எழுந்திருக்க முடியாது. "நான் இருந்து யாருக்குக்கா லாபம்" என்று ஒருநாள் கேட்டபோது அம்மா அவனைக் கோயிலில் கயிறு கட்ட அழைத்துப் போனார், நான் டவுனில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இரண்டுமே அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிளினிக்கில் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் தாள்தான், மனச்சோர்வை அடையாளம் காண நல்ல கருவி. ஆனால் அது கேட்பது கடந்த 2 வாரத்தைப் பற்றி மட்டும். அந்த 2 வாரமும் அவன் படுக்கையில் கிடந்தான், அதைத்தான் எழுதினான். போன வருடம் ராத்திரி முழுக்க விழித்துக் கோயில் சுவருக்குச் சாயம் அடித்ததை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து ஆள் எழுந்தான். ஆனால் எழுந்தவிதம் சரியில்லை. எதற்கெடுத்தாலும் சீறினான், நடுராத்திரியில் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பைபோலார் உள்ள சிலருக்கு, மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் மறுபக்கம் எகிறலாம். அது எல்லோருக்கும் நடப்பதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். மாத்திரை தொடங்கிய பிறகு தூக்கமும் கோபமும் மாறினால் அதை மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் போய்ச் சொன்னோம். அங்கிருந்து ஈப்போவில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

அம்மா பேசிய அன்று

அன்று எங்களைப் பார்த்தவர் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர். முதலில் தம்பியோடு தனியாகப் பேசினார். பிறகு அவனுடைய சம்மதத்தைக் கேட்டு அம்மாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அம்மாவுக்குத் தோட்டத்து மலாய் தெரியும், கடையில் பேரம் பேசப் போதும், மகனின் மனத்தைப் பற்றிப் பேச அது போதாது. நான்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தயாராக வந்திருந்தார். எத்தனை நாள் சாப்பிடவில்லை, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று வரிசையாகத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கேட்ட மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் உங்கள் மகனே சொல்லிவிட்டார் அம்மா. அவர் நன்றாக இருந்த நாள்களைச் சொல்லுங்கள்" என்றார்.

அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை குற்றவாளிக்கூண்டில் நிற்பவர்போல இருந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிக் கேளுங்க டாக்டரம்மா! எம்புள்ள மனசு வெச்சான்னா பத்தாள் வேல செய்வான்." பங்குனி உத்திரத் திருவிழாவைச் சொன்னார். பகலெல்லாம் லாரி, ராத்திரி கோயில். பந்தல் போட்டது இவன், மின்விளக்கு இழுத்தது இவன், அன்னதானத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியது இவன். விடியற்காலை மூன்று மணிக்குப் பூசாரியை எழுப்பி, கோயிலுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று வரைபடம் காட்டியிருக்கிறான். கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணம்) முன்கூட்டியே எடுத்து, சொந்த லாரி வாங்கப்போகிறேன் என்று முன்பணம் கொடுத்ததையும் அம்மா பெருமையாகவே சொன்னார். அந்தப் பேரம் பிறகு நின்றுபோனது, முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

மருத்துவர் மறுபடி பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இப்படி எத்தனை நாள் இருந்தார்? அம்மாவுக்குத் தேதி தெரியாது. "கொடியேத்தத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம ஆரம்பிச்சான், தேர் வீட்டுக்கு வந்தப்புறம்தான் அடங்கினான்" என்றார். மேசை நாள்காட்டியில் பங்குனி உத்திரம் போடப்படவில்லை. நான் கைப்பேசியில் தேடிக் கொடுத்தேன், மருத்துவர் விரல் வைத்து எண்ணினார். 4 நாளைத் தாண்டி, ஒரு வாரத்தையும் தாண்டிவிட்டது. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்? ரெண்டு மூணு மணி நேரம். மறுநாள் களைப்பாக இருந்தாரா? "களைப்பா? எங்கள எல்லாம் எழுப்பிவிட்டதே அவன்தானே!" இந்தப் பதிலில் மருத்துவர் நிறைய நேரம் நின்றார். தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் கண்ணெரிச்சலோடு கிடப்பது வேறு. மூன்று மணி நேரமே போதும் என்று துள்ளி எழுவது வேறு. முதலாவது யாருக்கும் வரும். இரண்டாவதைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார். குரல் ஏதாவது கேட்டதா, முருகன் நேரில் பேசினார் என்றாரா, போலீஸ், சண்டை, மருத்துவமனை? இல்லை. லாரி ஓட்டம் நின்றதா? இல்லை, ஒருநாள்கூட நிற்கவில்லை. முன்பணம் கொடுத்த கதையை மட்டும் தம்பியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்: கடன் எவ்வளவு, யாரிடம் கேட்டாய், வேண்டாம் என்று யாராவது சொன்னபோது என்ன செய்தாய்? அப்போது எனக்கு அது போலீஸ் விசாரணைபோலப் பட்டது. முதல் வகையா இரண்டாம் வகையா என்ற கோடு அங்கேதான் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. திருவிழா உற்சாகத்தில் யாருமே அப்படித்தானே இருப்பார்கள் என்று நானே கேட்டேன். அதற்காகத்தான் அவர் திருவிழா இல்லாத காலத்தையும் கேட்டார். தீபாவளிக்கு வெகு முன்பு, காரணமே இல்லாமல் இன்னொரு முறை இதே மாதிரி இருந்ததைத் தம்பியே சொன்னான்.

கடைசியாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். எங்கள் சித்தப்பா இளவயதிலேயே போய்விட்டார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், காய்ச்சல் என்று சொல்லி வளர்த்தார்கள். அவர் தானாகவே உயிரை விட்டவர் என்பதை அம்மா அந்த அறையில்தான் முதன்முதலாகச் சொன்னார். தமிழில், என்னைப் பார்த்து. அதை நான் மலாயில் மருத்துவரிடம் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இந்த நோய் குடும்ப வழியில் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், சொல்லாமல் விட்ட ஒரு சாவுகூட மருத்துவர் தேடும் தகவலாகிவிடுகிறது.

அன்றைக்கே பெயர் சூட்டிவிடவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் பைபோலார் தெரியும் என்று தம்பி நினைத்தான். அப்படி ஒரு சோதனை கிடையாது. தைராய்டு சுரப்பி கூடினாலும் குறைந்தாலும் மனமும் உடம்பும் இதே மாதிரி ஆட்டம் காட்டும், அதை விலக்கத்தான் அந்தச் சோதனை. குடி, போதைப்பொருள், வேறு நோய்க்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாதிரியான மருந்து எதுவும் காரணமில்லை என்றும் உறுதிசெய்தார்கள். அடுத்த முறை போகும்போது பூசாரியும் வந்தார். "தம்பி அந்தத் திருவிழால தூங்கி நான் பாக்கலம்மா" என்று சாட்சி சொன்னார். அம்மா கயிறு கட்ட அழைத்துப் போனதும் அவரிடம்தான். கயிற்றைக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

நூறு வாரத்தில் ஒரு வாரம்

இரண்டாம் வகை என்ற பிரிவு ரொம்பப் பழையதில்லை. 1976இல் அமெரிக்காவில் டன்னர், கெர்ஷோன், குட்வின் என்ற மூவர், மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் மேனியா அளவுக்குப் போகாத, ஆனால் ஹைப்போமேனியா கண்டவர்களைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாக ஏறியது 1994இல். ஆக, சித்தப்பா காலத்தில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரைத் தெரிந்த ஒருவர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

என்னை ரொம்பவும் உலுக்கியது 2003இல் ஜட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கணக்கு. இரண்டாம் வகை நோயாளிகள் 86 பேரைச் சராசரியாகப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, ஒவ்வொரு வாரமும் எப்படிப் போனது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த வாரங்களில் ஏறக்குறைய பாதி மனச்சோர்வில் போயிருக்கிறது. ஹைப்போமேனியாவில் கழிந்தது 1.3 விழுக்காடு. அதாவது நூறு வாரத்தில் ஐம்பது வாரம் ஆள் கீழே கிடக்கிறார், மேலே பறப்பது ஒரு வாரம், மிஞ்சினால் இன்னும் ரெண்டு நாள். அந்த ஒரு வாரத்தைப் பிடித்தால்தான் நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கும். ஆனால் அந்த வாரத்தில் யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை. எதற்குப் போவார்கள்? வாழ்க்கையிலேயே நன்றாக இருக்கும் வாரம் அது. சோர்ந்து விழுந்த பிறகு போகிறார்கள், சோர்வை மட்டும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில், தான் எப்போதாவது சந்தோஷமாக இருந்தோம் என்பதே அவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை. அதனால் கூட இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மனைவி, அக்கா, வேலையிடத்துக் கூட்டாளி, யாராக இருந்தாலும் கூடப் போங்கள். தேதி தெரியாவிட்டால் திருவிழாவையும் சாவு வீட்டையும் வைத்துக் கணக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகை என்றால் லேசானது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றிருக்கிறார் என்று அதே கையேடு சொல்கிறது. நம் நாட்டில் தற்கொலை முயற்சி 2023 வரை குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இனி போலீசுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இதைப் படிப்பவர் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

உழைப்பும் தூக்கமும்

தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசை) நின்ற தலைமுறையின் பிள்ளைகள். அங்கே தூங்குகிறவன் சோம்பேறி, தூங்காதவன் நல்லவன். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிவந்த பிறகும் அந்த அளவுகோல் மட்டும் மாறவில்லை. ஒருவன் ராத்திரி பகலாக ஓடினால் அவன் உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவனைக் காட்டி வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிறோம். இப்படிப்பட்ட ஊரில் ஹைப்போமேனியாவுக்குக் கிடைப்பது கைதட்டல். கைதட்டல் கிடைத்த நாள்களை யார் போய் மருத்துவரிடம் புகாராகச் சொல்வார்கள்? உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, என் அம்மா உழைத்த உழைப்பில்தான் நான் படித்தேன். ஆனால் நான்கு நாளாகத் தூங்காமல் சிரித்துக்கொண்டு திரியும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிதானிக்கலாம்.

இப்போது தம்பி சாப்பிடுவது, மனநிலையை நிலைநிறுத்தும் மருந்தான லித்தியம். அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கிறார்கள், கூடவே சிறுநீரகத்தையும் தைராய்டையும். வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றினால் அந்த அளவு ஏறிவிடும் என்பதால் லாரியில் எப்போதும் பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும். வலிக்கு மாத்திரை வாங்கினால்கூட மருந்தாளுநரிடம் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லித்தான் வாங்குகிறான். எல்லோருக்கும் லித்தியம் என்றில்லை, குவெட்டியாபின், லாமோட்ரிஜின் என்று வேறு மருந்துகளும் உண்டு, எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். தூக்கம் கெடுவதே ஏற்றத்தைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டான். மாத வருமானம் குறைந்தது, அது உண்மை. நாள்காட்டித் தாளில் அம்மா தினமும் அவன் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதி வைக்கிறார். மருத்துவருக்கு அந்தத் தாள்கள் ரொம்பப் பிடிக்கும். நோய் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன மழைக்காலத்தில்கூடச் சில வாரம் கீழே இறங்கினான். ஆனால் இறங்கத் தொடங்கியதை அவனே முதலில் சொன்னான்.

வீட்டில் இப்போதைய விவாதம் வேறு. தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். நோயைச் சொல்ல வேண்டாம், சொன்னால் யார் கொடுப்பார்கள் என்பது அம்மாவின் கட்சி. கல்யாண வீட்டில் பேசிய அதே மாமாவும் அந்தப் பக்கம். சொல்லாமல் கட்டிவைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் என்பது என் கட்சி. அதைவிட, அவன் மூன்றாம் ராத்திரியும் தூங்கவில்லை என்பதை இனி முதலில் பார்க்கப்போகிறவள் அவள்தான். பார்த்ததை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அவள் என்ன செய்வாள்? இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, கம்பாரில் பார்த்த பெண்ணிடம் தம்பி தானே பேசிவிட்டான். படுத்துக் கிடந்ததையும் சொல்லியிருக்கிறான், கோயில் சுவருக்குச் சாயம் அடித்ததையும் சொல்லியிருக்கிறான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய அண்ணன் கூப்பிட்டு, முடிவு சொல்வதற்கு முன்னால் நாங்களும் அந்த மருத்துவரிடம் ஒருமுறை பேசலாமா என்று கேட்டார். தம்பி சரி என்றான். அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்கு அவர்களும் வருகிறார்கள். மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.